நகரி மலை மழையும் மாத்தூர் வெள்ளமும்

சென்னை மாநகரின் வடகோடியில், மாதவரத்துக்கும் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த பிரதேசத்தில் அமைந்து, 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட மாத்தூரிலும், அதைச் சுற்றியுள்ள மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையன்குப்பம் முதலிய ஊர்களிலும் வசிக்கிறவர்களுக்கு, மற்ற இடத்தார் எளிதில் நம்பமாட்டாத ஓர் அனுபவம் உண்டு. மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, வீட்டுப் பெண்கள் ஈரத்துணிகளைக் கொடியில் உலர்த்தத் தொடங்கும் வேளையிலே தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கும். தங்கள் ஊரில் பெய்த மழைக்கும் தங்கள் வாசலுக்கு வந்த வெள்ளத்துக்கும் கணக்குப் பொருந்தவில்லையே என்று திகைக்கிறவர்களுக்கு விடை உள்ளூரில் கிடைக்காது. அது மேற்கே வெகுதூரத்தில், ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள நகரி மலைச்சரிவுகளில் முதல்நாள் பெய்த மழையில் இருக்கிறது.

இந்த விஷயம் விளங்க வேண்டுமானால் கொசஸ்தலை ஆற்றின் போக்கைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரோடு வரும் பிரவாகம் கேசவரம் அணைக்கட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கூவமாகச் சென்னையின் நடுவே செல்ல, மறு கிளை கொசஸ்தலையாகப் பூண்டியை நோக்கி வருகிறது. நந்தி ஆறும், வடமேற்கே ஆந்திரத்து மலைகளில் பிறக்கும் நகரி ஆறும் பூண்டிக்கு முன்பே அதனோடு கலக்கின்றன. கார்வேட்டிநகரத்தை அடுத்த அம்மபள்ளி அணை திறக்கப்பட்டால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்குவதை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். பூண்டியில் சத்தியமூர்த்தி சாகர் என்னும் நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிக்கப்பட்டு, சென்னையின் தாகத்தைத் தணிக்க இந்த ஆற்றைத் தடுத்து நிறுத்துகிறது. தடுத்தது போக எஞ்சும் நீர் தாமரைப்பாக்கம், காரனோடை, சீமாவரம், வெள்ளிவாயல், இடையன்சாவடி என்று ஊர் ஊராகக் கடந்து, மணலிப் புதுநகரின் ஓரமாக எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது. 1872 முதல் சென்னைக்குக் குடிநீர் வழங்கிவரும் புழல் ஏரி நிரம்பினாலோ, அதன் உபரி நீர்க் கால்வாய் வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி வழியாகச் சடையன்குப்பத்துக்கு வந்து அதே ஆற்றின் கடைமடையைத் தேடுகிறது. இவ்விரண்டு வழிகளுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் பிரதேசம்.

பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அணை பாதியளவு நிரம்பியிருக்கும் சமயத்தில் மலைப்பக்கத்திலிருந்து விநாடிக்கு 20,000 கன அடி வீதம் நீர் வரத் தொடங்கினால், ஒரு மணி நேரத்துக்கு 72 மில்லியன் கன அடி சேர்கிறது. ஆகவே ஏறக்குறைய இருபத்திரண்டு மணி நேரத்தில் அணை தளும்பிவிடும். அந்த நீர்வரத்து மலையடிவாரத்திலேயே அளக்கப்பட்டு, அளந்த க்ஷணமே அணைப் பொறியாளருக்குத் தெரிந்துவிட்டால், அவர் மதகுகளை முன்கூட்டியே அளவோடு திறந்து, இரவும் பகலுமாகச் சிறுகச் சிறுக நீரை வெளியேற்றி, கீழ்ப்பகுதி ஆறு தாங்கும் அளவிலேயே அதைச் செலுத்த முடியும். செய்தி பன்னிரண்டு மணி நேரம் தாமதித்து வந்தால், வேறு வழியின்றி வந்த நீரை வந்தபடியே திறந்துவிடவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு அவர் ஆளாகிறார். மாத்தூருக்கும் மணலிப் புதுநகருக்கும் வருவது முழங்கால் அளவு ஜலமா, கழுத்தளவு ஜலமா என்பதை அணையின் சுவர் எவ்வளவு தீர்மானிக்கிறதோ, அந்தச் செய்தி வந்துசேரும் நேரமும் அவ்வளவு தீர்மானிக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பழைய நாளில் இந்தச் செய்தியைச் சுமந்தவர்கள் மனிதர்கள். ஆற்றின் கரையிலோ பாலத்தின் தூணிலோ அடிக்கணக்குக் கோடுகள் இட்ட அளவுப் பலகையைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளும் பொதுப்பணித் துறை லஸ்கர், அதைப் பிரிவு அலுவலகத்தில் சேர்க்க, அங்கிருந்து ஒயர்லெஸ் கருவியின் மூலமோ தொலைபேசியின் மூலமோ அது மாவட்டத் தலைநகருக்கும் சென்னைக்கும் சென்றது. நள்ளிரவில், கொட்டும் மழையில், கைவிளக்கை உயர்த்திப் பிடித்துப் பலகையின் எண்ணைப் படித்த அந்த எளிய ஊழியர்களின் கடமையுணர்ச்சியால் எத்தனையோ கிராமங்கள் பிழைத்திருக்கின்றன. அவர்களுடைய பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஆயினும் ஆள் எட்டாத காட்டுப் பகுதியில் இந்த ஏற்பாடு செல்லாது. பாதை அறுந்துபோனால் செல்லாது. இன்றுள்ள கைபேசிக் கோபுரங்களும் மின்சாரம் நின்று சில மணி நேரத்தில் மௌனமாகிவிடும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முழுவதுமே அறிந்துகொண்டது. வெள்ளத்தைப் பற்றிய செய்தியைக் கொண்டுசெல்லும் கம்பியும் கோபுரமும் அதே வெள்ளத்தால் முதலில் விழுந்துவிடுவதுதான் இந்த விஷயத்தின் உள்ளே இருக்கும் பெரிய இடர்ப்பாடு. பூமியின் மீதுள்ள எந்த வழியும் புயலுக்கு உட்பட்டதாகையால், பூமிக்கு வெளியே ஒரு வழியைத் தேட வேண்டியதாயிற்று.

அந்த வழியில் செய்தி அனுப்பும் ஒரு நிலையத்தை நேரில் பார்த்தால், அது இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறது என்று நம்புவது கடினம். ஆற்றுப் பாலத்தின் கைப்பிடியில் ஒரு கருவி கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். அது நீர்ப்பரப்பை நோக்கி ரேடார் அலைகளைச் செலுத்தி, அவை திரும்பி வரும் நேரத்தைக்கொண்டு நீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று கணக்கிடும். வேறு சில இடங்களில் நீருக்கடியில் இருந்தபடி நீரின் அழுத்தத்தை அளக்கும் சாதனமோ, கிணறு போன்ற குழாயில் மிதந்து ஏறி இறங்கும் மிதவையோ இருக்கும். பக்கத்திலேயே மழைமானி ஒன்று. அதனுள் மழைநீர் சிறிதளவு நிரம்பியதும் கவிழ்ந்து, மீண்டும் நிமிரும் ஒரு சிறு தொட்டி, ஒவ்வொரு கவிழ்ப்பையும் எண்ணிக்கொண்டே இருக்கும். இவற்றின் கணக்குகளைச் சேமித்து வைக்கும் மின்னணுப் பெட்டியும், ஒரு மின்கலமும், அதற்கு உயிர் ஊட்டும் சூரியத் தகடும், வானத்தை நோக்கிச் சாய்த்து நிறுத்திய ஓர் ஆன்டெனாவும் சேர்ந்ததே நிலையம். சுற்றிலும் முள்கம்பி வேலி. காவலுக்கு ஆள் கிடையாது.

இங்கே பொதுஜனங்களிடையே உள்ள ஒரு மயக்கத்தைப் போக்கிவிடுவது அவசியம். செயற்கைக்கோள் மூலம் ஆற்று நீரின் அளவு அறியப்படுகிறது என்று படிக்கிறவர்கள், ஆகாயத்திலிருந்து அது ஆற்றைப் பார்த்து அளந்து சொல்லுகிறதென்று எண்ணிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்து அளக்கும் செயற்கைக்கோள்களும் உண்டு. அமெரிக்காவும் பிரான்ஸும் கூடி 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் என்பது உலகத்து ஏரிகளின் நீர்மட்டத்தை மேலிருந்தே அளக்கிறது. ஆயினும் அதன் பயணச் சுற்று இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை பூர்த்தியாவதால், ஒரே இரவில் ஏறி இறங்கும் கொசஸ்தலையின் வெள்ளத்துக்கு அது உதவாது. நாம் பேசும் செயற்கைக்கோள் ஆற்றைப் பார்ப்பதே இல்லை. கரையில் உள்ள கருவி அளந்து எழுதிய கடிதத்தை வாங்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்துப் பாராமல், முகவரியில் சேர்த்துவிடும் தபால்காரரின் வேலையைத்தான் அது செய்கிறது. அளவின் சரியும் தவறும் கரையில் உள்ள கருவியைச் சேர்ந்தவை என்பதை மறந்தோமானால், பிற்பாடு சொல்லப்போகும் பல விஷயங்கள் விளங்காமல் போய்விடும்.

இந்த யோசனை உதித்தது அரை நூற்றாண்டுக்கு முன்னால். 1972 ஜூலை 23-ஆம் தேதி அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட், பூமியைப் படம் எடுப்பதோடு, தொலைதூர ஆறுகளின் கரைகளில் இருந்த கருவிகளின் செய்தியை வாங்கித் தரும் ஏற்பாட்டையும் சுமந்து சென்றது. அது பூமியைத் தாழ்வாகச் சுற்றி வந்தமையால், கருவியும் தரை நிலையமும் ஒருசேர அதன் பார்வைக்குள் வரும் சிறிது நேரத்தில் மட்டுமே செய்தி கிடைத்தது. அந்தக் குறையை, பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு ஒத்த வேகத்தில் சுழன்று, நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் தீர்த்துவைத்தன. இன்று அமெரிக்காவின் ஆறுகளில் ஆயிரக்கணக்கான அளவு நிலையங்கள் கோஸ் என்னும் வரிசைச் செயற்கைக்கோள்களின் வழியாகத்தான் தம் கணக்கை ஒப்பிக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் மேலாக என் மனத்தைக் கவர்ந்தது பிரேசில் தேசத்தின் கதை. அமேசான் காடுகளுக்குள், படகில் சென்றாலும் பல நாள் பிடிக்கும் இடங்களில், ஆற்றின் ஏற்ற இறக்கத்தை அறிய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்தது. அதன் பொருட்டு அத்தேசத்தார் தாமே வடிவமைத்துச் செய்த முதல் செயற்கைக்கோளான எஸ்.சி.டி.-1, 1993 பிப்ரவரி 9-ஆம் தேதி ஏவப்பட்டது. ஒரு வருஷ ஆயுளை உத்தேசித்துச் செய்யப்பட்ட அந்தச் சிறு யந்திரம், மின்கலம் ஓய்ந்த பின்னும் சூரிய வெளிச்சம் படும் வேளைகளில் மட்டும் விழித்து வேலை செய்து, முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. போர்க்கருவியாகவோ தொலைக்காட்சிக்காகவோ இல்லாமல், காட்டாறுகளின் நீர்மட்டத்தையும் மழையையும் தெரிந்துகொள்வதற்காகவே ஒரு தேசம் தன் முதல் செயற்கைக்கோளைச் செய்தது என்பது எவ்வளவு பெருமைக்குரிய செயல்!

பாரத தேசத்தின் முயற்சியும் குறைந்ததன்று. 1983 ஆகஸ்டு 30-ஆம் தேதி புறப்பட்ட சாலஞ்சர் விண்ணோடத்திலிருந்து செலுத்தப்பட்ட இன்சாட்-1பி, தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் நாடெங்கும் கொண்டுசென்றது யாவருக்கும் நினைவிருக்கும். தொலைதூரக் கருவிகளின் அளவுகளை வாங்கி மீண்டும் கீழே அனுப்பும் ஒரு பகுதியையும் அது தன்னகத்தே வைத்திருந்தது என்பது பலருக்குத் தெரியாது. வானிலை ஆய்வுத் துறையார் ஏறத்தாழ நூறு தானியங்கி நிலையங்களை மலை, காடு, தீவு என்று ஆள் எளிதில் செல்லாத இடங்களில் நிறுவி அதைப் பயன்படுத்தினார்கள். பின்னர் கல்பனா-1, இன்சாட்-3ஏ, 3டி, 3டிஆர் என்று ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கடமையை ஏற்றன. கடைசியாக இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரி 17-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. பழவேற்காடு ஏரிக்குக் கிழக்கே எழும்பும் அந்த ராக்கெட்டுகளின் புகைக்கோட்டை எண்ணூர், திருவொற்றியூர், மாத்தூர்ப் பிள்ளைகள் மொட்டைமாடியில் நின்று பார்ப்பது வழக்கம். தாங்கள் வேடிக்கை பார்க்கும் அந்த ராக்கெட்டுகளில் சிலவற்றில், தங்கள் தெருவுக்கு வரவிருக்கும் வெள்ளத்தின் செய்தியைச் சுமக்கும் கருவியும் அடங்கியிருக்கிறதென்று ஓர் ஆசிரியர் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

செய்தி செல்லும் விதத்தையும் சற்று விவரிக்கிறேன். ஆற்றங்கரை நிலையம் நாள் முழுவதும் அளந்துகொண்டே இருந்தாலும், பேசுவது சில விநாடிகள்தான். நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே அலைவரிசையில் பேசுவதால், ஒன்றின் பேச்சு மற்றொன்றின் பேச்சோடு மோதிச் சிதையாதிருக்க வேண்டும். இதற்கு ஆதியில் கண்ட உபாயம், ஒவ்வொரு நிலையமும் ஒரே செய்தியை ஒழுங்கற்ற இடைவெளிகளில் பலமுறை சொல்லுவது. அவற்றில் ஒன்றேனும் மோதாமல் சேர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. பிற்காலத்தில், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு மணியிலும் இன்ன நிமிஷம் இன்ன விநாடி என்று முறை வகுத்து, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும்படி செய்தார்கள். பேச்சு இவ்வளவு சுருக்கமாக இருப்பதால்தான், ஒரு சிறு சூரியத் தகடும் மின்கலமும் போதுமானதாகின்றன. மேலே சென்ற அலை வேறு அலைவரிசைக்கு மாற்றப்பட்டுக் கீழே இறங்குவதற்கு மொத்தம் கால் விநாடி ஆகும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. வீடுகளில் உள்ள டிஷ் தொலைக்காட்சி, பலத்த மழையில் படம் மறைந்து நின்றுபோவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதன் அலைகள் மிகச் சிறியவையாதலால் மழைத்துளிகள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. ஆற்று நிலையங்கள் பேசும் அலையோ ஏறத்தாழ 402 மெகாஹெர்ட்ஸ். அதன் நீளம் முக்கால் மீட்டர். அவ்வளவு நீண்ட அலை எத்தகைய அடைமழையையும் ஊடுருவிச் செல்லும். இமயமலையின் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் தென்திசை மலைகள் வானத்தை மறைத்துவிடும் தொல்லை உண்டு. நம் பக்கத்திலோ இந்தச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய உச்சிக்கு அருகில், சிறிதே தெற்கே சாய்ந்து இருப்பதால், நகரி மலை இடுக்குகளிலிருந்தும் அவற்றை நேராக எட்டலாம். குறை என்னவென்றால், பெரும்பாலும் இது ஒருவழிப் பேச்சு. செய்தி சேர்ந்தது என்று நிலையத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை. நிலையம் மௌனமானால், ஏன் மௌனமானது என்று இங்கிருந்து கேட்கவும் முடியாது. ஆள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

1958-இல் தில்லியில் யமுனையின் பழைய ரயில் பாலத்தருகே வெள்ள முன்னறிவிப்பைத் தொடங்கிய மத்திய நீர்வள ஆணையம், பின்னாளில் ஒடிசாவின் ஹிராகுட் அணைக்கருகே புர்லாவிலும், ராஜஸ்தானத்து ஜெய்ப்பூரிலும் செயற்கைக்கோள் செய்திகளை வாங்கும் தரை நிலையங்களை அமைத்துக்கொண்டது. உலக வங்கியின் உதவியோடு 3,679 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் 2016-இல் அனுமதிக்கப்பட்ட தேசிய நீரியல் திட்டத்தின்கீழ், கைபேசி எட்டும் இடங்களில் கைபேசி வழியாகவும், எட்டாத இடங்களில் செயற்கைக்கோள் வழியாகவும் நீர்மட்டமும் மழையும் உடனுக்குடன் வந்துசேரும் ஏற்பாடுகள் மாநிலங்களுக்கும் பரவின. தமிழ்நாட்டில் இத்தகைய விவரங்களைத் தொகுப்பதற்கென்று தரமணியில் நீர்வளத் துறையின் விவரக் குறிப்பு மையம் இருக்கிறது. காவிரியில் கர்நாடகம் விடும் நீர் எவ்வளவு என்பதை எல்லையோரக் காட்டில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளந்து சொல்லுவதை இரு மாநிலங்களும் ஏற்றுக்கொள்கின்றன. 2018-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த 177.25 டி.எம்.சி. என்ற பங்கீட்டின் கணக்கும் அங்கேதான் பார்க்கப்படுகிறது. அதுபோலவே, கொசஸ்தலையின் தலைப்பகுதி ஆந்திரத்திலும் கடைப்பகுதி தமிழகத்திலுமாக இருக்கையில், வெள்ளச் செய்தி ஒரு சர்க்காரின் உத்தியோகஸ்தரிடமிருந்து மற்றொரு சர்க்காரின் உத்தியோகஸ்தருக்குத் தொலைபேசியில் வந்துசேரவேண்டிய அவசியம் இல்லாமல், ஒரே நொடியில் இரு தரப்பாருக்கும் பொதுவாக ஆகாயத்திலிருந்து இறங்குமானால், அதைவிடச் சிறந்த அண்டை உறவு வேறில்லை.

இதுவரை சொன்னவை யாவும் யந்திரத்தின் திறமை. அதைப் பேணுவதில் நாம் காட்டிய சிரத்தையோ வருந்தத்தக்கது. வெள்ளத் தடுப்பையும் முன்னறிவிப்பையும் ஆராய்ந்து 2017-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, தொலைவு அளவு நிலையங்கள் 375-இல் 222 வேலை செய்யவில்லை என்று கண்டது. ரேடார் கருவி திருடு போயிருந்தது ஓரிடம். உபகரணம் பழுதுபட்டுக் கிடந்தது வேறிடம். 4,862 பெரிய அணைகளில் 349-க்கு மட்டுமே ஆபத்துக்கால நடவடிக்கைத் திட்டம் இருந்ததென்றும் அதே அறிக்கை சொல்லிற்று. கோடிக்கணக்கில் செலவிட்டுச் செயற்கைக்கோளை ஏவி நிறுத்திவிட்டு, ஆற்றங்கரையில் சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள மின்கலத்தை மாற்ற ஆள் இல்லாமல் விட்டால், மேலே உள்ளது யாருக்காகக் காத்திருக்கிறது? 2023 அக்டோபர் முதல் வாரத்தில் சிக்கிமின் தென் லோனாக் பனி ஏரி உடைத்துக்கொண்டு தீஸ்தா நதியில் இறங்கி அணையையே அடித்துச் சென்றது. அதற்குச் சில நாள் முன்பு, செப்டம்பரில்தான் அந்த ஏரிக்கரையில் கண்காணிப்புக் கருவிகள் வைக்கப்பட்டிருந்தன. அம்மாதக் கடைசியிலேயே அவை மின்சக்தி இழந்து மௌனமாகிவிட்டன. மௌனத்தையே ஓர் அபாயச் செய்தியாகக் கொண்டு உடனே ஆளனுப்பும் வழக்கம் ஏற்படவேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டுவதில்லை.

கருவி பழுதின்றி இருந்தாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு. நிலையம் சொல்வது நீரின் மட்டத்தை. நாம் அறிய விரும்புவதோ விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்பதை. இன்ன மட்டம் இருந்தால் இன்ன அளவு நீர் என்று, பலமுறை ஆற்றில் இறங்கி நீரோட்டத்தின் வேகத்தை அளந்து, ஓர் அட்டவணை தயாரித்து வைத்திருப்பார்கள். அந்த அட்டவணை, ஆற்றின் படுகை மாறாமலிருக்கும் வரைதான் செல்லும். கொசஸ்தலையிலும் ஆரணியாற்றிலும் மணல் அள்ளப்பட்டுப் படுகை பள்ளமான இடங்களில், பழைய அட்டவணை பொய்த்துப்போகிறது. ஆழ்ந்துபோன படுகையில் அதே மட்டத்துக்குள் முன்னைவிட அதிக நீர் ஓடும். அப்போது கருவி உண்மையைச் சொல்ல, அட்டவணை பொய் சொல்ல, இரண்டும் சேர்ந்த செய்தி ஆகாயம் வரை சென்று வந்தாலும் குறையோடுதான் வரும். ஆகையால் வெள்ளம் வரும்போதெல்லாம் நீரோட்டமானியைக் கையிலெடுத்துக்கொண்டு படகிலோ பாலத்திலோ நின்று அளக்கும் மனிதர் இன்றும் இன்றியமையாதவர். லஸ்கரின் வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கூறி அவரை வீட்டுக்கு அனுப்புவது, யந்திரத்தையும் சேர்த்துக் குருடாக்கும் செயலாகும்.

வெள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், நம் பிரதேசத்தில் சப்தமின்றி நடந்துவரும் மற்றொரு படையெடுப்பைச் சொல்லாமல் விடலாகாது. மீஞ்சூர்ப் பக்கத்து ஊற்று நிலங்களிலிருந்து நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டமையால், 1960-களின் கடைசியிலேயே கடல்நீர் நிலத்தடியில் உட்புகத் தொடங்கியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பின்னர் அது பல கிலோமீட்டர் தூரம் உள்ளே வந்து, இனிப்பான கிணறுகளை உப்பாக்கிவிட்டது. 1987-இல் சென்னைப் பெருநகரத்துக்கென்று நிலத்தடி நீர் ஒழுங்குச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இந்த உப்பு எல்லை ஒரு வருஷத்தில் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் தானே அளந்து அனுப்பும் கருவிகள் இங்கே ஆற்றுக்கருவிகளுக்குச் சற்றும் குறையாத மதிப்புடையவை. பத்து வருஷக் கணக்கு இடைவெளியின்றிக் கையில் இருந்தால், எந்தக் கிணற்றில் எப்போது இறைப்பதை நிறுத்தவேண்டும் என்பதை வாதப் பிரதிவாதமின்றி முடிவுசெய்ய இயலும்.

கடைசியாக, ஆகாயத்திலிருந்து தரமணிக்கோ தில்லிக்கோ இறங்கிய செய்தி, அங்கிருந்து மாத்தூருக்கு வந்துசேரும் விதத்தைப் பார்ப்போம். 36,000 கிலோமீட்டர் மேலேறி இறங்கியதற்கு ஆன நேரம் கால் விநாடி. அதற்குப் பின் தரமணியிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் கடந்து எங்கள் தெருவுக்கு வரச் சில சமயம் ஓர் இரவு ஆகிறது. பூண்டி திறக்கப்படுகிறது, கரையோரத்தார் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்ற அறிவிப்பு, விநாடிக்கு இத்தனை கன அடி என்ற எண்ணோடு வெளியாகிறது. அந்த எண் பொறியாளருக்குப் பொருள்படும். வீட்டில் நோயாளியையும் குழந்தையையும் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அதனால் என்ன பிரயோஜனம்? இன்ன அளவு திறந்தால் இத்தனை மணி நேரத்தில் மஞ்சம்பாக்கம் பாலத்தில் இத்தனை அடி, சடையன்குப்பத்தில் இத்தனை அடி என்று சொல்லப்பட வேண்டும். 2015, 2021 ஆகிய ஆண்டுகளின் வெள்ளக் கோடுகள் மணலிப் புதுநகரின் சுவர்களில் இன்னும் பலர் காட்டக்கூடியவை. அவற்றை முறையாக அளந்து குறித்து, அன்றைய பூண்டி, புழல் வெளியேற்றத்தோடு ஒப்பிட்டாலே இத்தகைய அட்டவணை ஒன்று உருவாகிவிடும். ஆலைகளுக்கும் இது அவசியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, மீனவர்களின் படகையும் வலையையும் பிழைப்பையும் கறுப்பாக்கியது. எண்ணெயைச் சேர்த்து வைத்திருக்கும் இடங்களுக்கு நீர் எப்போது எந்த மட்டத்தில் வரும் என்பது முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டாமா?

கணக்கில் கடலையும் சேர்த்தாக வேண்டும். ஆறு கொண்டுவரும் நீரை எண்ணூர் முகத்துவாரம் ஒரே சீராக வாங்கிக்கொள்வதில்லை. மணல் மேடிட்ட காலத்திலும், ஓதம் ஏறும் நேரத்திலும் அது வாயை மூடிக்கொள்ள, வந்த வெள்ளம் பின்னோக்கி இடையன்சாவடிக்கும் சடையன்குப்பத்துக்கும் ஏறுகிறது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2007-இல் ஐதராபாத்தில் அமைக்கப்பட்ட சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு, துறைமுகங்களில் உள்ள கடல்மட்டக் கருவிகளும் ஆழ்கடல் மிதவைகளும் செயற்கைக்கோள் வழியாகவே அளவுகளை அனுப்பி வருகின்றன. கடலின் மட்டத்தை ஒரு நிறுவனமும், ஆற்றின் மட்டத்தை மற்றொரு நிறுவனமும், மழையை மூன்றாவது நிறுவனமும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கின்றன. பூண்டியின் மதகை எந்த நேரத்தில் எவ்வளவு உயர்த்துவது என்று தீர்மானிக்கும் பொறியாளரின் மேஜையில் இம்மூன்றும் ஒரே தாளில் இருக்க வேண்டும். ஓதம் இறங்கும் ஆறு மணி நேரத்தில் முகத்துவாரத்தை எட்டும்படி அதிகமாகத் திறந்து, ஏறும் ஆறு மணி நேரத்தில் எட்டுவதைக் குறைத்துக்கொள்ள அவருக்கு அப்போதுதான் இயலும். அதே தாளின் ஒரு பிரதி மணலி மண்டல அலுவலக வாசலிலும், மாத்தூர்ப் பேருந்து நிறுத்தத்திலும், எண்ணூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும், ஐப்பசி பிறந்தது முதல் மார்கழி முடியும் வரை, ஒவ்வொரு மணிக்கும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும் என்று நான் கேட்கிறேன்.